பன்னிரண்டு கதவுக்கு ஒரு சுவர்

நுவரெலியா பஸ் நிலையத்தில் அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தைப் பிடித்து, ஈரக் குடையைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு போனைத் திறந்தபோதுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர். வெள்ளை. ஆணிகூட இல்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு ஓவியம் படித்து இப்போது பொல்பிட்டியவில் வீட்டோடு இருக்கும் தோழி அனுப்பியிருந்தாள். படத்துக்குக் கீழே வெளிநாட்டு ஓவியர் ரெசிடென்சி ஒன்றின் விண்ணப்ப இணைப்பு, அதற்கும் கீழே அவளுடைய ஒரு வரி: "நாப்பது அடியாம்டி."

என் கதவுகள் பன்னிரண்டும் அதில் நிற்கும். முதலில் வந்த யோசனை அதுதான், முழுசாக வந்தது. கணக்குப் போடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு கதவு மூன்றடி. பன்னிரண்டு கதவு முப்பத்தாறு. மிச்சம் நாலடியில் மூச்சு விடலாம். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை, நான் அதற்குள் கதவுகளை மாட்டி முடித்துவிட்டேன்.

கதவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் ஒற்றை லயம், வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை, காம்பராவுக்கு ஒரு முன் கதவு. படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த முதல் மாதம், செய்ய ஒன்றும் இல்லாமல், எங்கள் வீட்டுக் கதவில் ஒரு நீளத் தாளை ஒட்டி அதன்மேல் கறுப்பு மெழுகுக் கிரேயோனைப் படுக்கப்போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சிறுவயதில் சல்லிக்காசைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை. கதவு எழும்பி வந்தது. மரத்தின் நார், நாலு தடவை இடம் மாற்றிய தாழ்ப்பாளின் ஓட்டைகள், வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர், அதன்மேல் டெங்கு நுளம்பு ஒழிக்க வந்தவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர், கீழே ஒரு சாண் உயரத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் அம்மாவுடையது. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு வந்து காலால் கதவைத் தள்ளித் தள்ளி உண்டாக்கியது.

பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. ஒன்றாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தேய்த்தேன். கிரேயோன் பெட்டி ஒன்றில் கறுப்பு ஒன்றுதான் வரும். பெட்டி பெட்டியாக வாங்கிக் கறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்ச நிறங்களை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குக் கொடுத்தேன். அந்த வருடம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வரைந்த மனிதர்களுக்கெல்லாம் தலைமயிர் ஊதா அல்லது பச்சை.

பன்னிரண்டு தாளும் சுருண்டு ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் என் கட்டிலுக்கடியில் கிடந்தன. எங்கள் காம்பராவின் நீளம் பத்தடி. கட்டிலை நிமிர்த்தி வைத்தால் மூன்று கதவை ஒரே நேரத்தில் பார்க்கலாம். நான்காவதைப் பார்க்க முதலாவதைச் சுருட்ட வேண்டும். வரிசையாக நிற்கும் வீடுகளின் கதவுகள் அவை. வரிசை என்பதுதான் அந்த வேலையே. அந்த வரிசையை அதைச் செய்த நானே ஒரு தடவையும் பார்த்ததில்லை. மூன்று மூன்றாகப் பார்த்துத் தலைக்குள் ஒட்டிக்கொண்டதுதான்.

அதனால்தான் அந்தச் சுவர். அதனால்தான் பஸ் நானுஓயாவைத் தாண்டுவதற்குள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நிரப்பிவிட்டேன். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கே சொல்வதுபோல் இருந்தது.

ரெசிடென்சி என்றால் என்ன என்று வீட்டில் விளக்குவதுதான் விண்ணப்பத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கத்தில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏறி, பாறைமேல் குந்திக்கொண்டு, கேள்வி கேள்வியாக நிரப்பினேன். அம்மாவும் அவளோடு கொழுந்தெடுக்கும் இரண்டு பேரும் விறகு கட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்கள்.

"என்னாத்த அப்புடி தேய்க்கிற போன?" என்றாள் ஒருத்தி.

"ஓவியம் வரையிறவங்களுக்கு ஒரு எடம் குடுக்குறாங்க சித்தி. மூணு மாசம். தங்க ரூம்பு, சாப்பாடு, போக வர டிக்கெட், வேலை செய்ய பெரிய மண்டபம்."

"வேலைன்னா, அவங்களுக்கு நீ என்னா வேலை செஞ்சி குடுக்கணும்?"

"ஒண்ணுமில்ல. என் வேலைய நான் செய்யணும்."

"ஒன் வேலைய நீ செய்யிறதுக்கு அவன் ஏன் சோறு போடுறான்?"

அம்மா விறகைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "அதான் அவ்வளவு கேள்வி கேக்குறான் போல," என்றாள். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தன கேக்கல."

கேள்விகள் அப்படித்தான் இருந்தன. உன் கலைப்பணியை முந்நூறு சொல்லில் விவரி. இதை ஏன் எங்கள் இடத்தில்தான் செய்ய வேண்டும். உன் ஸ்டூடியோவின் படம். முந்நூறு சொல்லை முதலில் பல்கலைக்கழகத்து ஆங்கிலத்தில் எழுதினேன். நினைவு, உடல், வெளி, தடயம் என்று எல்லாவற்றையும் போட்டேன். வாசித்துப் பார்த்தால் அதில் கதவு என்ற சொல்லே இல்லை. அழித்தேன். இரண்டாவதில் கதவு என்ற சொல் பதினாறு தடவை வந்தது. அப்படியே விட்டேன். ஸ்டூடியோ என்ற இடத்தில் நிமிர்த்தி வைத்த கட்டிலின் படத்தைப் போட்டேன்.

எல்லாம் முடிந்து படங்களை ஏற்றும் இடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பத்துப் படம்தான் ஏற்றலாம். பதினொன்றாவதை அழுத்தினால் சிவப்பாக ஒரு வரி வந்து மறுத்தது.

பன்னிரண்டில் இரண்டை நீக்க வேண்டும். எனக்கு அது ஒரு நிமிட வேலையாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுக் கதவை நீக்கினேன், நம் வீடுதானே. அடுத்தது பன்னிரண்டாம் காம்பரா. அது மரக்கதவே இல்லை. பழைய கதவு உளுத்துப்போனதும் அந்த வீட்டில் நெளியில்லாத தகரத் தகடு ஒன்றைச் சட்டத்தில் அடித்து மாட்டியிருந்தார்கள். தேய்த்ததில் ஒன்றுமே எழும்பவில்லை. சாம்பல் பூசியது மாதிரி ஒரு தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன்.

நான் வேலை செய்வது நுவரெலியாவில் ஒரு பேனர் அச்சடிக்கும் கடையில். பிறந்தநாள், மரண அறிவித்தல், கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் நான்தான் கணினியில் வடிவம் போடுவேன். கடைக்காரர், நான் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், நல்லவர். வேலை இல்லாத நேரம் என் சொந்த வேலையைச் செய்தால் கண்டுகொள்ள மாட்டார். பத்துக் கதவையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அடுக்கி அச்செடுத்தேன், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று. நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது, எக்ஸ்ரேயா?"

"கதவு நானா."

"யாருட கதவு?"

"எங்க லயத்து கதவு."

தாளை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "திறந்து உள்ளுக்க போகலாம் போல இருக்கே," என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கால் தரையில் நிற்கவில்லை.

தாளை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், வேலை செய்கிறார், கொழுந்து அரைக்கும் பகுதியில். மறுநாள் சனிக்கிழமை காலை தண்ணீர் எடுக்கப் போனவர் தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் லயத்துக்கு ஒரு பீலிதான். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் தண்ணீர். காலையில் பாதி லயம் அங்கேதான் நிற்கும்.

நான் பல்தேய்க்கப் போனபோது தாள் கை மாறிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. விரல் நுனி அளவு படத்தில் எல்லாருக்கும் அவரவர் கதவு தெரிந்தது. "இந்தா, நம்ம நாதாங்கி." "இது பெரியவன் கல்லால அடிச்சது." "ஏய், ஒங்க கதவுல பேய் மாதிரி ஒரு மூஞ்சி இருக்கு பாரு." "அது மூஞ்சி இல்ல, ஒம் மாமியா." சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்த எந்தக் கண்காட்சியிலும் இப்படி யாரும் படத்தைப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் காம்பரா அத்தை கடைசியாகத் தாளை வாங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் அப்படி. மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி மேலிருந்து கீழே. பிறகு எண்ணினார், உதடு அசைவது தெரிந்தது.

"பத்துதான் இருக்கு," என்றார்.

"பத்துதான் எடுப்பாங்களாம் அத்தை," என்றேன், வாயில் பற்பசை நுரையோடு.

"எது எது இல்ல?"

"எங்க வீடும்…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அத்தை தாளை அப்பாவிடம் கொடுத்தார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். போகிற போக்கில், சத்தம் போடாமல் கேட்டார்: "என்னாண்ணே, எங்க வீட்ட வரியிலருந்து தள்ளிட்டீங்களா?"

பீலிக்கடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு காம்பராவும் வரி கட்டும். கட்ட முடியாத வருடமும் பெயரை எடுக்க மாட்டார்கள், எண்ணிக்கை குறையக் கூடாது. வெட்டும் கிடாவின் கறி பன்னிரண்டு பங்கு. பொங்கல் பன்னிரண்டு பங்கு. பெரிய தவறு ஏதும் செய்து, ஊரே கூடிப் பேசி, ஒரு வீட்டை ஒதுக்கி வைத்தால்தான் பங்கு பதினொன்றாகும். நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒருமுறையும் நடந்ததில்லை. அதை நான் பத்துச் சின்னப் படத்தில் நடத்திக் காட்டியிருந்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்து தாளை மேசையில் வைத்தார். அம்மாதான் பேசினாள்.

"நம்ம கதவ விட்டது சரி. நம்ம பங்க நாம வேணான்னு சொல்லலாம். அவங்க பங்க வேணான்னு சொல்ல நீ யாரு?"

"இது கறி இல்லம்மா. அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தகரம். அனுப்புனா சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பாங்க?"

"பாக்குறவங்க."

"அவங்கள எனக்குத் தெரியாது," என்றாள் அம்மா. "இவங்கள தெனம் மலையில பாக்கணும்."

விண்ணப்பம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. மாற்றியிருக்கலாம். வேறு எதையாவது எடுத்துவிட்டு அந்தச் சாம்பல் தாளைப் போட்டிருக்கலாம். அப்போது வேறொரு வீடு தள்ளுபடும் என்று எனக்கு நானே வாதம் பண்ணிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நல்ல பத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை கடையில் ஓர் அம்மன் திருவிழா பேனருக்கும் ஒரு ஹார்ட்வெயார் கடைத் திறப்புவிழா பேனருக்கும் நடுவில் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தினமும் பஸ்ஸில் மின்னஞ்சலைத் திறப்பேன், மூடுவேன், திறப்பேன். அத்தை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பவில்லை. அப்படித் திருப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேலைக்கா பாப்பா" என்று கேட்பார், அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் நாலு கேள்வியும் ஒரு நக்கலும் வரும்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் சுற்றில் தேறியிருக்கிறேன். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வீடியோவில் பேச வேண்டும். கடையில் இருந்து பேசலாம் என்று நானா கதிரை மேசையெல்லாம் ஒதுக்கித் தந்திருந்தார். புதன்கிழமை இரவு பெய்த மழையில் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. காலை எட்டு மணிக்கு இது தெரிந்ததும் நான் செய்தது, பிளாஸ்டிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஓடியது.

பத்தரை என்பது கொழுந்து நிறுக்கும் நேரம். எனக்கு அது தெரியாதா. தெரியும், ஆனால் நினைவு வரவில்லை. மடுவத்தின் மூலையில் போனை ஒரு கூடைமேல் சாய்த்து வைத்து, தலையைச் சரிபண்ணி, மூன்று வெளிநாட்டு முகங்களுக்கு வணக்கம் சொல்லி வாயெடுக்கவும், முப்பது பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வந்து இறங்கினார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு எடையாகக் கத்தினார். தராசுக் கொக்கி கிணுகிணுத்தது. "இது யாருகூட பேசுது?" "வெள்ளக்காரன்கூட." "கேமராவ இங்கிட்டு திருப்பு புள்ள, நாங்களும் பாக்குறோம்." அம்மா யாரையோ அதட்டுவது கேட்டது.

முகங்களில் நடுவில் இருந்த பெண் சிரித்தார். பிறகு நல்ல கேள்விகள் கேட்டார். மெழுகு ஏன், கரி ஏன் இல்லை. தாளை எப்படி ஒட்டுகிறாய். நான் வேகமாகப் பதில் சொன்னேன், கேட்டு முடிக்குமுன்பே சொன்னேன். பிறகு அவர் கேட்டார், உங்கள் வரிசையில் எத்தனை கதவு?

"பன்னிரண்டு."

"மற்ற இரண்டும் எங்கே?"

"பத்துதான் ஏற்ற முடிந்தது."

"புரிகிறது. பன்னிரண்டும் ஒன்றாக நிற்கும் படம் ஒன்று இருந்தால் அந்தப் பத்தில் ஒன்றாக அதை அனுப்பியிருக்கலாமே. இருக்கிறதா?"

இல்லை என்றேன்.

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஒன்றாக?"

பின்னால் கணக்கப்பிள்ளை "பதினாலு" என்றார். பார்த்ததில்லை என்றேன். சாக்குக்குப் பின்னால் பன்னிரண்டாம் காம்பரா அத்தை தன் முறைக்காக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் நான் எதற்கோ இல்லை, இல்லை என்று தலையாட்டியது தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். வேலை பிடித்திருந்தது. ஆனால் ஒரு வரிசையாகவே இயங்கும் வேலையை வரிசையாகப் பார்க்காமல் தீர்மானிக்கக் கடினமாக இருந்தது. அடுத்த சுற்றில், மாட்டிய நிலையில் எடுத்த படத்தோடு மீண்டும் விண்ணப்பிக்கும்படி ஊக்குவிக்கிறோம்.

அந்தக் கிழமை ஏழு நாளும் எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். வேறு நாலு இடத்துக்கு விண்ணப்பம் திறந்தேன். நாலிலும் அந்த இடம் வந்தது: மாட்டிய நிலையில் எடுத்த படங்கள். சுவர் கிடைக்கப் படம் வேண்டும், படம் கிடைக்கச் சுவர் வேண்டும். பொல்பிட்டிய தோழிக்குப் போன் பண்ணிக் கத்தினேன்.

"சொவரு வேணும்னுதானேடி சொவரு கேக்குறேன். சொவரு இருந்தா நான் ஏன் கேக்குறேன்?"

"ஒங்க ஊர்ல சொவரே இல்லையா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாளே அளக்கும் நாடாவோடு கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சுவர் முழுக்க ஜன்னல். கோயில் மதில் உயரம் போதாது. லயத்துக்கு எதிர்ப்பக்கக் கல்லுக்கட்டு எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும். நான் நாடாவோடு அலைவதை அப்பா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றும்போது சொன்னார்.

"எங்க ஸ்டோர் சொவரு நூத்திப் பத்து அடி. பெரட்டுக் களத்துப் பக்கம். நான் அடியாலே அளந்து பாத்தேன்."

தினமும் காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் திடல் அது. பக்கத்தில் நிற்கும் ஸ்டோரின் சுவரை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வெள்ளிப் பூச்சு அடித்த தகரம், ஒரு ஜன்னல் இல்லை, நீளமாக. அதைச் சுவர் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஆணி அடிக்க விட மாட்டாங்கப்பா."

"தகரத்துக்கு என்னாத்துக்கு ஆணி? ஒடஞ்ச ஸ்பீக்கர் காந்தம் கெடக்கு நெறையா."

எங்கள் தோட்டத்தில் எதற்கும் ஆபீஸில் ஒரு அனுமதித் துண்டு வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு. அப்பா வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பிடித்து, கண்டாக்கையா தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி, ஒரு துண்டு வந்துவிட்டது: வருகிற ஞாயிறு, காலை எட்டு முதல் பதினொன்று வரை, படங்கள் வைக்கலாம். பதினொன்றுக்குமேல் எப்படியும் மூடுபனி இறங்கிவிடும், துரை கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

துண்டைக் கையில் வாங்கியதும் குழாயிலிருந்து சுருள்களை எடுத்து எண்ணினேன். பதினொன்றைப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவதைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். அதே சாம்பல். ஆனால் இப்போது உற்றுப் பார்க்கையில் தாளின் ஓரம் நெளிந்திருந்தது. மெழுகு ஓரிடத்திலும் பிடிக்கவில்லை, வழுக்கியிருந்தது. தாள் நனைந்திருந்தால்தான் இப்படி ஆகும்.

அன்று மாலை பன்னிரண்டாம் காம்பராவுக்குப் போனேன். அத்தை இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காம்பராவுக்கு முன்னால் உள்ள அந்தச் சின்னக் கூரையடியில்தான் அவர் அடுப்பும் இருக்கிறது, கதவுக்கு ஒட்டினாற்போல.

"அத்தை, ஞாயித்துக்கெழம ஸ்டோர் சொவத்துல எல்லா கதவையும் வைக்கிறோம்."

"எல்லா கதவுமா, பத்தா?"

"பன்னெண்டு."

"நம்மளோடதுல ஒண்ணுமில்லைனு சொன்னியாமே. ஒங்கம்மா சொன்னா."

அவர் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னார், கோபமில்லாமல், ஒரு கணக்கை நேர்பண்ணுவது மாதிரி. "நீ மொத வீட்டு கதவ அரைநாளு தேச்ச. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாக்க துருத்திக்கிட்டு தேச்ச. எங்க வீட்டுக்கு வாரப்ப பொழுது சாஞ்சிருச்சி, பனியும் எறங்கிருச்சி. நாலு இழு இழுத்த. முடிஞ்சிருச்சி அத்தைன்னுட்டு ஓடிட்ட. கதவுல ஒண்ணுமில்லையா, ஒனக்கு நேரமில்லையா?"

எனக்கு அந்த மாலை அப்படியே திரும்ப வந்தது. பன்னிரண்டையும் ஒரே கிழமையில், ஏழே நாளில், முடித்துவிட்டேன் என்று தோழிக்குச் சொல்ல வேண்டும் என்ற அவசரம். கை ஈரம். தாள் ஈரம். நான் அந்தக் கதவைப் பார்க்கவே இல்லை, முடித்தேன்.

இப்போது பார்த்தேன். வழவழவென்று நான் நினைத்த தகரத்தில் ஆணித் தலைகள் சட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசையாகப் போயின, அடித்தவருக்கு நேர்கோடு வராமல் வளைந்து வளைந்து. நடுவில் பழைய எண்ணெய்ப் பீப்பாயின் பொறித்த எழுத்துகள், தட்டித் தட்டிச் சமப்படுத்தியும் போகாத வடு. அடுப்புப் பக்கம் ஓரம் மட்டும் சூட்டில் நெளிந்து அலை அலையாக இருந்தது. விரலால் தடவினால் தெரிந்தது.

"யாரு அத்தை அடிச்சது?"

"நாந்தான். வேற யாரு வந்து அடிச்சிக் குடுப்பா?"

"திரும்ப தேய்க்கட்டுமா?"

"அப்ப நாங்க வரியில இருக்கோமா?"

"இருக்கீங்க அத்தை."

"பாப்போம்," என்றார். கீரையைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தார். பிறகு உள்ளே போகுமுன் திரும்பி, "பனிக்கு முந்தி வா. காலையில பெரட்டுக்கு முன்ன. நான் விடிய அடுப்பு மூட்டிருவேன், கதவு அப்ப காஞ்சி சூடா இருக்கும். ஒன் தாளு நனையாது," என்றார். "நாக்க உள்ள வச்சிக்கிட்டு தேய்."

இதை எழுதுவது வெள்ளிக்கிழமை மாலை. நாளை அந்தக் கதவு. சூடான தகரத்தில் மெழுகு தேய்த்து எனக்குப் பழக்கமில்லை. உருகி ஒரேயடியாகப் பரவி, ஆணித் தலை முதற்கொண்டு எல்லாவற்றையும் கறுப்பாக மூடிவிடலாம். அல்லது மரக்கதவு எதிலும் வராத கறுப்பு அதில் வரலாம். என்னிடம் இருப்பது நாலு கறுப்புக் கிரேயோன், ஒரு முழுத் தாள், ஓரத்தில் சோதித்துப் பார்க்க ஒரு துண்டுத் தாள். முதலில் அடுப்புக்குத் தூரமான ஓரத்தில் சோதிப்பேன், பிறகு ஆணி ஆணியாக உள்ளே வருவேன். பெரட்டுச் சங்கு ஊதுவதற்குள் முடியாவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிய மிச்சத்தைத் தேய்ப்பேன். எட்டு மணிக்கு ஸ்டோர் சுவரில் காந்தங்களோடு அப்பா நிற்பார். பன்னிரண்டாவதிலிருந்துதான் மாட்ட ஆரம்பிப்பேன்.